தாய்மாமன் கேட்டாலும் தகுதி பார்க்கத்தான் வேண்டும்

தங்கச்சிமடத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

விலங்கியல் படித்த உங்கள் மகள், மீன்பிடித் தடைக்கால நிவாரணப் பயனாளிகளைச் சரிபார்க்கும் தற்காலிக வேலையில் சொந்த ஊரிலேயே சேர்ந்திருக்கிறாள். மளிகைக் கடை நடத்தும் உங்கள் அண்ணன் தன் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார். மடியில் உட்காரவைத்துக் காது குத்திய தாய்மாமனுக்கு இதைக்கூடச் செய்யக் கூடாதா என்று உறவினர்கள் பேசுகிறார்கள். வேலையை விட்டுவிடச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம் அம்மா. அடுத்த வேலையிலும் யாராவது ஒரு மாமா வந்து நிற்பார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அடுப்பெரியத்தான் அந்த 8,000 ரூபாய். கடலையே நம்பியிராத ஒருவர் அதை வாங்குவதைச் சின்ன விஷயம் என்று என்னால் சொல்ல முடியாது.

அண்ணன் விண்ணப்பம் கொடுத்தால் மகள் வாங்க மறுக்க வேண்டாம். "இவர் என் உறவினர், வேறொருவர் சரிபார்க்கட்டும்" என்று எழுதி மேலதிகாரியிடம் கொடுத்துவிடட்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே யார் யார் தனக்கு உறவு என்பதை எழுதிக் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது. கோரிக்கை வந்த பிறகு சொன்னால் அது பகையாகத் தெரியும். முன்பே சொன்னால் நடைமுறையாகத் தெரியும்.

இதன் மறுபக்கத்தையும் அவளிடம் சொல்லுங்கள். ஊர் பேசுமே என்று பயந்து, தகுதியுள்ள சொந்தக்காரரை ஒதுக்குவதும் அநியாயம்தான். விசைப்படகில் போகும் சித்தப்பா மகனுக்கு உரியது அவருக்குப் போய்ச் சேர வேண்டும். அதேபோல, குடும்ப அட்டையில் இறந்த கணவரின் பெயர் நீக்கப்படாததால் விண்ணப்பம் தட்டிக்கழிக்கப்படும் விதவைகள் நம் கரையோரத்தில் உண்டு. அப்படிப்பட்டவரைத் திருப்பி அனுப்பாமல், எந்தத் தாளை எங்கே வாங்க வேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்வதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். நேர்மை என்றால் விறைப்பு என்று இளம் பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் அதிகக் கவலை.

நிராகரிக்கும் விண்ணப்பத்தில் காரணத்தை எழுத வேண்டும். அதே காரணத்தை அவரிடம் நேரிலும் சொல்ல வேண்டும். ஏற்காதவர், திங்கட்கிழமைதோறும் ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம் என்பதையும் தெரிவிக்கட்டும். மேலிருந்து யாராவது வாய்மொழியாகப் பெயர் சேர்க்கச் சொன்னால், எழுத்தில் தருமாறு பணிவாகக் கேட்கட்டும். தற்காலிக வேலை, நீக்கிவிடுவார்களோ என்ற உங்கள் பயம் நியாயமானது. தேதி போட்ட குறிப்பேடு ஒன்றை வைத்திருக்கச் சொல்லுங்கள். பின்னாளில் பழி வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

வேலையோடு வேலையாக, டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் மீன்வளச் சார் ஆய்வாளர் தேர்வுக்கு அவள் படிக்கட்டும். விலங்கியல் பட்டம் அதற்குப் பொருந்தும். இந்தக் கள அனுபவம் படிப்பை எளிதாக்கும்.

உறவுக்காரர்களின் பேச்சை இருபத்திரண்டு வயதுப் பெண் தனியாகச் சுமக்கக் கூடாது. வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு நீங்களே போங்கள். "அவள் மறுக்கவில்லை அண்ணே, நான்தான் கேட்க வேண்டாம் என்கிறேன்" என்று சொல்லுங்கள். மகளை உடன் அழைத்துப் போக வேண்டாம்.