கன்வேயரில் வரும் மா பக்கற்றுகள் நேராக வராமல் திரும்பிக்கொண்டே வருகின்றன. பக்கத் தடையை இறுக்கினால் போதுமா, புது மெஷின் வாங்க வேண்டுமா?

இரண்டும் வேண்டாம் தம்பி. பக்கத் தடையை, அதாவது பெல்ட்டின் இரண்டு ஓரமும் நிற்கும் கம்பிகளை, இறுக்காதீர்கள். புது மெஷினுக்கு அவசரப்பட்டு முற்பணமும் கட்டாதீர்கள்.

நீங்கள் எழுதாததையும் ஓரளவு ஊகிக்க முடிகிறது. கடன் எடுத்துத் தொடங்கிய சிறிய ஆலையாக இருக்கும். பூட்டித் தந்தவர் ஒரு நாள் நின்று ஓட்டிக் காட்டியிருப்பார், அன்றைக்கு எல்லாம் நூல் பிடித்த மாதிரி வந்திருக்கும். சில மாதம் போனதும் பக்கற் கோணலாகி, திகதி அடிக்கும் இடத்தில் எழுத்து மடிப்பில் விழத் தொடங்கியிருக்கும். போன் எடுத்துக் கேட்டால், பொதியை நேராக்கும் கன்வேயர் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதை வாங்குங்கள் என்றிருப்பார்கள். நானும் இதே பாட்டைப் பட்டவன். அதனால்தான் வேலை முடிந்து வந்து குளிக்கவும் முன்னம் இதை எழுதுகிறேன்.

நான் எஞ்சினியர் இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு அரிசி மா ஆலையில் 19 வருடமாகப் பிட்டர் வேலை. படித்தவர்கள் வந்து, சென்சர் வைக்கலாமே, கமரா வைக்கலாமே என்று கேட்கக்கூடும். வைக்கலாம். பெரிய ஆலைகளில் வைத்திருக்கிறார்கள், அது பிழை என்று நான் எங்கும் சொல்லவில்லை. நிமிடத்துக்கு 30 பக்கற் போகும் சின்ன லைனைப் பற்றித்தான் பேசுகிறேன். அந்த அளவில் முக்கால்வாசிக் கோணலும் இருக்கிற சாமானிலேயே தீர்ந்துவிடும்.

எங்களிடம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கிலோ மா பக்கற். நிரப்பும் மெஷினிலிருந்து விழுந்து, மூன்று மீற்றர் நீளமான முதல் பெல்ட்டில் படுத்தபடி வரும். அடுத்த பெல்ட்டில் ஏறியதும் மேலே இருக்கும் மெஷின் உற்பத்தித் திகதியும் முடிவுத் திகதியும் விலையும் அடிக்கும். அந்த மூன்றும் வாசிக்கக்கூடியதாக இல்லாவிட்டால் கடைக்காரர் எடுக்கமாட்டார், எடுத்தாலும் அவருக்குத்தான் கரைச்சல். ஒரு மாரியில், கார்த்திகை மாதம், மழை விடாமல் பெய்த கிழமை, பக்கற்றுகள் இடது பக்கம் சாய்ந்து வரத் தொடங்கின. கொழும்புக்குப் போன லொறியில் பாதிச் சாமான் திரும்பி வந்தது.

உடனே எல்லாரும் செய்தது நீங்கள் கேட்ட அதே வேலையைத்தான். இரண்டு பக்கத் தடைக் கம்பிகளையும் உள்ளே தள்ளி இறுக்கினோம். ஒரு மணித்தியாலம் நன்றாக ஓடியது. மறுகா ஒரு பக்கற் குறுக்கே சிக்கியது, பின்னால் வந்தவை அதன்மேல் ஏறின, இரண்டு வெடித்து நிலமெல்லாம் மா. பக்கற் கல்லு மாதிரி ஒரே அளவாக இருக்காது தம்பி. மா ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கம் கொழுத்திருக்கும். இரண்டு பக்கமும் நெருக்கினால் கொழுத்தது மாட்டும், மெலிந்தது உள்ளே சுற்றும்.

அந்த மூன்று நாளும் ஏச்சு வாங்கியது நானில்லை, பக்கிங்கில் நின்ற பிள்ளைகள். கோணல் பக்கற் பெட்டிக்குள் போனால் சம்பளத்தில் வெட்டு என்று சுப்பவைசர் சொல்லிவிட்டார். ஒரு நிமிடத்தில் 30 பக்கற்றை ஒரு ஆள் கையால் திருப்பி வைக்க முடியுமா? பெல்ட்டின் பிழைக்கு அந்தப் பிள்ளைகள் ஏன் காசு கட்டவேண்டும்? அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

பிழையின் பாதியைக் கண்டுபிடித்ததும் அவர்களில் ஒருவர்தான். மூன்றாம் நாள் தேநீர் நேரத்தில் வந்து, "அண்ணன், எல்லாப் பக்கற்றும் ஒரே மாதிரிக் கோணல் இல்ல. எண்ணிப் பார்த்தன். பதினஞ்சு பதினாறுக்கு ஒருக்கா ஒண்டு நல்லாத் திரும்புது. வந்து பாருங்களன்" என்றார். போய்ப் பார்த்தால், பெல்ட் ஓரத்தில் சிவப்பு மார்க்கரால் பொட்டு மாதிரி ஒரு அடையாளம் வைத்திருந்தார். அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில் படுத்து வரும் பக்கற்தான் திரும்பியது. பெல்ட் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 32 செக்கன் எடுக்கும், அந்த நேரத்தில் 16 பக்கற் போகும். கணக்குச் சரியாக வந்தது. பொட்டு வைத்த இடத்தில் பெல்ட்டின் மூட்டு. முந்திய மாதம் அவசரத்தில் ஒட்டிய மூட்டு, மூலைமட்டம் வைக்காமல் கொஞ்சம் சரித்து வெட்டியிருந்தது. அந்த மூட்டு எங்கே போகிறதோ அங்கே பெல்ட் ஓரம் ஒரு விரல் அளவு வெளியே தள்ளியது.

இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். பெல்ட்டின் ஒரே துண்டு, அது எங்கே போனாலும் ஓரம் விலகினால், பிழை பெல்ட்டில்: மூட்டு சரிவு, அல்லது ஓரம் இழுபட்டு நீண்டுவிட்டது. மாறாக, பெல்ட் முழுவதும் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் விலகினால், பிழை அந்த இடத்தில்: ரோலர், பேரிங், சட்டகம். இதைப் பிரித்தறிய மீற்றரும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம். ஒரு மார்க்கர் பேனையும் பத்து நிமிடப் பொறுமையும் போதும்.

எங்களுக்கு இரண்டு பிழையும் சேர்ந்தே இருந்தன. மூட்டை வெட்டிச் சதுரமாக ஒட்டியதும் பதினாறுக்கு ஒன்று திரும்புவது நின்றது. ஆனால் பெல்ட் முழுவதுமாக இடது பக்கம் ஒதுங்குவது நிற்கவில்லை. அது வால் ரோலரில், அதாவது பெல்ட் திரும்பும் பின் முனை ரோலரில், மட்டும் ஒதுங்கியது. கரண்டை நிறுத்தி, மெயின் சுவிட்சில் பூட்டும் போட்டுவிட்டு, அடித்தட்டைக் கழற்றிப் படுத்துப் பார்த்தேன். ரோலரின் இடது ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு மா இறுகி வளையம் மாதிரி இருந்தது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. அடுப்பில் காய்ந்த களி மாதிரி, மேலே சாம்பல் நிறம், உள்ளே வெள்ளை, அடுக்கு அடுக்காக. மாரி ஈரத்தில் மா ஒட்டும், பெல்ட் அதை அழுத்தும், அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் ஒட்டும். கோடையில் அதே மா பவுடராக உதிர்ந்துபோகும். மழையோடு சேர்ந்து கோணல் வந்ததன் காரணம் அதுதான்.

மா வளையத்துக்கும் பெல்ட் விலகுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். தட்டைப் பெல்ட் எப்போதும் ரோலரின் பருத்த இடத்தை நோக்கி ஏறும். அதனால்தான் நல்ல ரோலர்களில் நடுப்பகுதியைக் கண்ணுக்குத் தெரியாத அளவு பருமனாகக் கடைந்திருப்பார்கள். பெல்ட் நடுவை நோக்கி ஏறித் தானாகவே நேராக நிற்கும். இடது ஓரத்தில் மா படிந்தால் இடது பக்கம் பருத்துவிடுகிறது, பெல்ட் அங்கே ஏறுகிறது. மழுங்கிய கரண்டிக் காம்பால் வளையத்தைச் சுரண்டி, துணியால் துடைத்து, ரோலரின் மேல் படும்படி ஒரு பிளாஸ்டிக் சுரண்டித் தகடும் பூட்டினேன். அந்தத் தகடு இன்றும் அங்கே இருக்கிறது. தயவுசெய்து பெல்ட் ஓடும்போது கையோ துணியோ ரோலர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வேறொரு ஆலையில் ஒரு பொடியனின் சட்டைக் கையைப் பெல்ட் இழுத்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். கை தப்பியது, இரண்டு விரல் தப்பவில்லை.

ரோலரும் மூட்டும் சுத்தமாக இருந்தும் பெல்ட் ஒதுங்கினால்தான் போல்ட்டைத் தொடவேண்டும். வால் பக்கம் இரண்டு இறுக்கும் போல்ட் இருக்கும். பெல்ட் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்க போல்ட்டைக் கால் சுற்று இறுக்குங்கள், மறுபக்கம் தள்ளும். கால் சுற்றுத்தான். பிறகு பல சுற்று ஓடவிட்டுப் பாருங்கள். உடனே பலன் தெரியவில்லை என்று இன்னும் இறுக்கினால் பெல்ட் மறுபக்கம் ஓடும், அப்புறம் அந்தப் பக்கத்தை இறுக்குவீர்கள், கடைசியில் பேரிங் அழும். போல்ட்டுக்கு முன் சட்டகத்தையும் ஒருக்கா அளந்து பாருங்கள். மூலைக்கு மூலை நூல் பிடித்தால் இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கவேண்டும். மேசன்மார் பிடிக்கும் தண்ணீர்க் குழாயால் கால்களின் மட்டம் பாருங்கள். எங்கள் பக்கம் மணல் பூமி, வெள்ளம் வந்து வடிந்தால் நிலம் இறங்கும். ஒரு காலுக்கு 8 மில்லிமீற்றர் தகடு வைக்கவேண்டி வந்தது.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் பெரியப்பா வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை செய்தவர். 1956இல் தொடங்கிய ஆலை, வைக்கோலையும் அரைத்துக் கடதாசி செய்தார்கள். கடதாசி மெஷினில் ஈரக் கூழ் விழுவது ஒரு நீண்ட வலைப் பெல்ட்டில். அது விலகினால் கிழிந்துவிடும். அதனால் வலையின் ஓரத்தைத் தொட்டபடி ஒரு தகடு நிற்கும். வலை விலகினால் அந்தத் தகடு அசையும், அசைந்தால் ஒரு ரோலரின் முனை கொஞ்சம் முன்னே பின்னே நகரும், வலை திரும்பி வரும். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பெரியப்பா இரண்டு பென்சிலையும் ஒரு ரிபனையும் வைத்து இதைக் காட்டுவார். "ஓரத்தைப் பார் மகன், ஓரந்தான் கதை சொல்லும்" என்பார்.

சரி, பக்கற்றுக்கு வருவோம். பெல்ட் நேரான பிறகும் சில பக்கற் திரும்பும். முதலில் பக்கற்றின் அடியைப் பாருங்கள். உள்ளே காற்று கூடினால் அடி தலையணை மாதிரி உருண்டு, தட்டையாக உட்காராது. எந்தக் கன்வேயராலும் அதை நேராக வைத்திருக்க முடியாது. மேலே ஒரு மெத்தையான ரோலரால் மெல்ல அழுத்தித் தட்டையாக்குங்கள். அடுத்தது, ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஏறும் இடம். எங்கள் முதல் பெல்ட் நிமிடத்துக்கு 12 மீற்றர், இரண்டாவது 18. வேகம் ஒன்றரை மடங்கு என்பதால் 40 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக வந்தவை 60க்கு ஒன்றாக விலகும். திகதி அடிக்க அந்த இடைவெளி தேவை. ஆனால் கொஞ்சம் கோணலாக வரும் பக்கற்றின் ஒரு மூலை வேகமான பெல்ட்டை முதலில் தொடும், அந்த மூலை மட்டும் இழுபடும், கோணல் இன்னும் கூடும். நீங்கள் கோணலைக் காண்பது திகதி அடிக்கும் இடத்தில். அது தொடங்கியது இரண்டு மீற்றர் பின்னால். போனில் ஸ்லோமோஷனில் படம் எடுத்து, கோணல் பக்கற்றைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள், எங்கே முதல் மூலை அசைந்தது என்று தெரியும்.

தடைக் கம்பியில் ஒரு பக்கத்தை மட்டும் சுவராக வையுங்கள், அசையாமல். மற்றப் பக்கம் ஐந்தாறு மில்லிமீற்றர் தளர்வாக இருக்கட்டும், வாய் புனல் மாதிரி விரிந்திருக்கட்டும். சுவருக்கு முன்னால் நாலைந்து ரோலரைச் சற்றுச் சரிவாகப் பூட்டினால் அவை பக்கற்றை மெல்லச் சுவரோடு சேர்க்கும். விற்பனைக்காரர் சொன்ன நேராக்கும் கன்வேயரும் அடிப்படையில் இதேதான். அதைக் கெட்ட சாமான் என்று நான் சொல்லவில்லை. பல அளவுப் பெட்டிகள் மாறி மாறிப் போகும் இடத்துக்கு அது தேவை. விலகி ஓடும் பெல்ட்டுக்குப் பின்னால் அதைப் பூட்டினால் காசுதான் போகும். எங்கள் சரிவு ரோலர்களைப் பழைய இரும்பில் நானும் என் தங்கச்சியின் மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் செய்தோம்.

அவனைப் பற்றி எழுதாமல் முடிக்க மனம் வரவில்லை. மெஷினின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பேரிங் என்று சொல்லுவான். அவனுக்குப் பெண் பேசப் போன வீட்டில், அரசாங்க உத்தியோகமா என்று கேட்டார்கள். ஆலையில் பிட்டர் என்றதும் பேச்சு நின்றது. இரண்டு வீட்டில் அப்படி நடந்த பிறகு கட்டாருக்குப் போய்விட்டான். இப்போது அங்கே ஒரு கிடங்கில் இதே பெல்ட் வேலைதான், ஐந்து வருடம். கையெழுத்துப் போட்டுவிட்டு மேசையில் இருப்பவனுக்கு இருக்கும் மரியாதை, ஊருக்குச் சோறும் மாவும் போகும் மெஷினை ஓட்டுபவனுக்கு ஏன் இல்லை? பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கோபிக்கவேண்டாம், நானும் ஒரு பெண் பிள்ளைக்குத் தகப்பன். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்.

நாளைக் காலையில் மெஷினைத் தொடங்கும் முன் வால் ரோலரைத் துடையுங்கள். பெல்ட் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, எத்தனையாவது பக்கற் திரும்புகிறது, பெல்ட் எங்கே விலகுகிறது என்ற இரண்டையும் எண்ணி இந்தப் பதிலின் கீழே எழுதுங்கள். பக்கிங்கில் நிற்கும் பிள்ளைகளிடமும் கேளுங்கள், அவர்கள் ஏற்கெனவே எண்ணி வைத்திருப்பார்கள். நான் இரவு ஏழு மணிக்குப் பிறகு பார்ப்பேன்.