லேப்டாப் ஹிஞ்ச் உடைந்ததை "பிசிக்கல் டேமேஜ்" என்று சொல்லி வாரண்டி மறுத்தால் என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: லேப்டாப் வாங்கி எட்டு மாதம் ஆகிறது, மூடியைத் திறக்கும்போது வலது பக்க ஹிஞ்ச் (மூடியை அடிப்பாகத்தோடு இணைக்கும் கீல்) இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் பிளந்துவிட்டது, வேலூரில் சர்வீஸ் சென்டரில் காட்டினால் "பிசிக்கல் டேமேஜ், வாரண்டியில் வராது" என்று சொல்லி எஸ்டிமேட்டை நீட்டுகிறார்கள், இனி என்ன வழி?

முதலில், பணம் கட்டாதீர்கள். அடுத்து, அந்த மூடியைத் திறந்து மூடுவதை இன்றோடு நிறுத்துங்கள். பாதி திறந்த நிலையில் இருந்தால் அப்படியே விட்டுவிட்டு, எச்டிஎம்ஐ கேபிளில் வீட்டு டிவியையோ மானிட்டரையோ இணைத்து ஃபைல்களை எல்லாம் வெளியே எடுத்துவிடுங்கள். பிளந்த ஹிஞ்சோடு திறந்து மூடினால் டிஸ்ப்ளே கேபிள் அறுந்துபோகலாம், ஸ்கிரீனே விரிசல் விடலாம். அப்புறம் அதையும் உங்கள் கணக்கில்தான் எழுதுவார்கள்.

நான் சில வருடம் ஒரு ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டரில் இன்ஜினியராக இருந்தேன், இப்போது காட்பாடியில் சொந்தமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அதனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதிலிருந்தே சொல்கிறேன். உங்களிடம் "வாரண்டி வராது" என்று சொன்ன பையனுக்கு அதை முடிவு செய்யும் அதிகாரம் கிடையாது. அவன் போட்டோ எடுத்து, நாலு வரி எழுதி, கம்பெனியின் சிஸ்டத்தில் ஏற்றுகிறான். வேறு ஏதோ ஊரில் உட்கார்ந்திருக்கும் ஒரு டீம் அந்தப் போட்டோவையும் நாலு வரியையும் மட்டும் பார்த்து முடிவு சொல்கிறது. "சிஐடி" என்று ஒரு வார்த்தை போடுவார்கள், கஸ்டமர் இன்டியூஸ்டு டேமேஜ், அதாவது வாங்கியவரே உடைத்தது. ஒரு தடவை அந்த முத்திரை விழுந்துவிட்டால் கவுண்டரில் நின்று எவ்வளவு சத்தம் போட்டாலும் ஒன்றும் மாறாது, ஏனென்றால் மாற்றக்கூடிய ஆள் அங்கே இல்லை. சில நேரம் சிஸ்டத்துக்குக்கூட அனுப்பாமல் கவுண்டரிலேயே வாயால் மறுத்து அனுப்பிவிடுவதும் உண்டு. இது எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. குடியாத்தத்திலிருந்தும் பேர்ணாம்பட்டிலிருந்தும் பஸ் ஏறி ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறவர்களை ஒரு துண்டுத் தாள்கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்புவது அநியாயம்.

ஆகவே நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது எழுத்தில் ஒரு மறுப்பு. ஜாப் ஷீட் (மெஷினைச் சர்வீசுக்கு வாங்கும்போது போடும் பதிவுத் தாள்) போடச் சொல்லுங்கள், கேஸ் நம்பர் வாங்குங்கள், என்ன காரணத்தால் மறுக்கிறார்கள் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து போடும் முன் "கண்டிஷன்" என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். ஸ்க்ராட்ச் (கீறல்), டென்ட் (நசுங்கல்) என்று பழக்கத்தில் எல்லா மெஷினுக்கும் எழுதிவிடுவார்கள். உங்கள் லேப்டாப்பில் டென்ட் இல்லை என்றால் அந்த வார்த்தையை அடித்துவிடச் சொல்லுங்கள், "கீழே விழவில்லை, வெளியே அடிபட்ட தடம் இல்லை, சாதாரணமாகத் திறக்கும்போது பிளந்தது" என்று ஒரு வரியை உங்கள் கையால் சேர்த்துவிட்டுக் கையெழுத்து போடுங்கள். கவுண்டரிலேயே, அவர்கள் கண் முன்னால், நாலு மூலையையும் மேல் மூடியையும் அடிப்பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி உடைப்பு விஷயம். இதைக் கொஞ்சம் விவரமாகப் புரிந்துகொண்டால்தான் உங்களால் பேச முடியும். ஹிஞ்ச் உலோகம், அதற்குள் உராய்வில் இறுகிப் பிடிக்கிற அமைப்பு இருப்பதால்தான் மூடி எந்தக் கோணத்தில் விட்டாலும் அப்படியே நிற்கிறது. அந்த ஹிஞ்சைப் பிடித்து வைத்திருப்பது சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள், அந்த ஸ்க்ரூ ஏறுவது பித்தளை நட்டில், அந்த நட்டு பல மாடல்களில் பிளாஸ்டிக் குழியில் சூடாக்கி அழுத்தி உட்கார வைத்தது. உலோகக் கூடு உள்ள மாடல்களில் இந்தத் தொல்லை குறைவு. ஹிஞ்ச் தேவைக்கு மேல் இறுக்கமாக இருந்தாலோ, அந்தப் பிளாஸ்டிக் மெல்லியதாக இருந்தாலோ, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இழுவை எல்லாம் அந்தக் குழி மேலேதான் விழுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு ஒரு நாள் நட்டு தன்னைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கையும் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். உங்களுக்கு "டக்" என்று ஒரு சத்தம் கேட்டிருக்கும், மூலை வாய் பிளந்த மாதிரி விரிந்திருக்கும்.

கீழே விழுந்து உடைந்தால் வேறு மாதிரி இருக்கும். வெளி மூலையில் நசுங்கல் இருக்கும், விரிசல் அடிபட்ட புள்ளியிலிருந்து கிளம்பியிருக்கும், பெரும்பாலும் ஸ்கிரீன் ஓரத்திலும் ஏதாவது தெரியும். உள்ளிருந்து பிய்ந்து வந்ததில் வெளிப்பக்கம் சுத்தமாக இருக்கும், உடைப்பு ஹிஞ்ச் ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் மட்டும் இருக்கும், பிளாஸ்டிக் வெளுத்துப் போயிருக்கும். இந்த வித்தியாசம் வெளியிலிருந்து எடுத்த போட்டோவில் தெரியாது. அடி மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆகவே "உள்ளே திறந்து ஹிஞ்ச் ஸ்க்ரூ குழியைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்" என்று கேளுங்கள், ஜாப் ஷீட்டிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். உடைந்திருக்கிறது என்பதில் உங்களுக்கும் அவர்களுக்கும் சண்டையே இல்லை, எதனால் உடைந்தது என்பதுதான் வழக்கு. கூடவே அடி மூடியின் நடுப்பக்கமும் டச்பேடும் புடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதுவே மூடியைத் தள்ளிப் பிளக்க வைக்கும். அப்படி இருந்தால் சார்ஜ் போடவே போடாதீர்கள், தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது, உடனே அதைத் தனிப் புகாராகச் சொல்லுங்கள்.

என் அக்கா மகளுக்கு இதே மாதிரி நடந்தது. இங்கே நர்சிங் படிக்கிறாள், அவளுடையதும் வாரண்டி காலத்துக்குள்தான், அவளையும் பிசிக்கல் டேமேஜ் என்று சொல்லி அனுப்பினார்கள். "மாமா, நான் அதைக் கீழே போடவே இல்லை" என்று அழாத குறையாகச் சொன்னாள். நாங்கள் கவுண்டரில் சண்டை போடவில்லை. மேலே சொன்ன மாதிரி ஜாப் ஷீட் வாங்கி, உள் போட்டோவோடு கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு ஒரு மெயில் போட்டோம், பதில் சரியில்லை என்றதும் அதே மெயில் தொடரிலேயே மேலதிகாரிக்கு அனுப்பச் சொல்லி எழுதினோம். போனில் பேசியதை எல்லாம் கூட "இன்று உங்கள் ஆள் போனில் இப்படிச் சொன்னார்" என்று மெயிலில் பதிவு செய்தோம். கடைசியில் வாரண்டியிலேயே மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் எல்லாருக்கும் இப்படி முடியும் என்று சொல்லமாட்டேன். ஆம்பூரிலிருந்து ஒருவர் கொண்டு வந்தார், மூலை நன்றாக நசுங்கியிருந்தது, பைக்கில் பையோடு விழுந்தது அது. அவரிடம் இதற்கு வாரண்டி கேட்கப் போகாதீர்கள் என்று நேராகவே சொன்னேன். ஆக்சிடென்டல் டேமேஜ் பிளான் என்று தனியாகக் காசு கட்டி எடுத்திருந்தால் அதில் கேட்கலாம், சாதாரண வாரண்டி அதற்கானது இல்லை.

"வாரண்டியே முடிந்துவிட்டது" என்று சிலருக்கு வேறு ஒரு பதில் வரும். கம்பெனியின் இணையதளத்தில் சீரியல் நம்பரைப் போட்டால் காட்டும் தேதி சில நேரம் கம்பெனியிலிருந்து லேப்டாப் கிளம்பிய தேதியிலிருந்து கணக்கு. கடையில் மாதக்கணக்கில் கிடந்த பீஸ் என்றால் உங்கள் காலம் அதில் குறைந்துவிடும். பில்லை அனுப்பினால் பெரும்பாலும் வாங்கிய தேதிக்குத் திருத்திக் கொடுப்பார்கள். அதனால் சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் கட்டாயம் வேண்டும், கடைக்காரர் தெரிந்தவர் என்று எஸ்டிமேட் சீட்டோடு வந்துவிடாதீர்கள்.

மெயிலுக்கும் மசியவில்லை என்றால் 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அவர்கள் கோர்ட் கிடையாது, உத்தரவு போட முடியாது, உங்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பி பதில் கேட்பார்கள். அது போதுமா என்றால், பல கேஸ்களில் போதும், ஏனென்றால் இந்த வழியாக வரும் புகாரை கம்பெனிக்குள் வேறு ஆட்கள் பார்க்கிறார்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் எழுதுங்கள். 2020 மின் வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அதற்கும் மேல் போனால் நுகர்வோர் கோர்ட், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் என்று பெயர். இங்கேதான் நிறைய பேர் பயந்து விட்டுவிடுகிறார்கள், பயப்படவே வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவில், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று இருக்கிறது. வாரண்டி தாளில் "பெங்களூரு கோர்ட்டுக்கு மட்டுமே" என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தாலும் இந்த உரிமை சட்டம் கொடுத்தது, கம்பெனி பெங்களூரில் இருப்பதற்காக நீங்கள் அங்கே ஓட வேண்டாம். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகள் வீட்டு முகவரிக்கான ஆதாரம் எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே போடுவது பாதுகாப்பு. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் இருப்பவர்கள், 2019-ல் வேலூர் மாவட்டம் பிரிந்ததால், எந்த ஆணையத்தில் போட வேண்டும் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே மனு போடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். கம்பெனி, விற்ற கடை, சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள், இல்லையென்றால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டிவிட்டு நழுவுவார்கள். மனுவுக்கு முன்னால் ஒரு நோட்டீஸ் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் இல்லை என்றாலும் பல நேரம் அந்த நோட்டீசிலேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தயாரிப்புக் குறை என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள். 38-வது பிரிவின்படி ஆணையம் பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம், அதற்கான கட்டணத்தை உங்களை முதலில் கட்டச் சொல்லவும் செய்யலாம். சட்டம் சொல்லும் காலம் 3 மாதம், பரிசோதனை தேவை என்றால் 5 மாதம், நடைமுறையில் இதைவிட இழுக்கும். அதனால்தான் உடைந்த பாகத்தைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்கிறேன். என் கடைக்கு வந்தாலும் வாரண்டி இருக்கும் மெஷினில் பசை போட்டு ஒட்டித் தரமாட்டேன், ஒட்டிய அந்த நிமிடமே உங்கள் சாட்சியம் போய்விட்டது, கம்பெனிக்கும் "வெளியில் கை வைத்திருக்கிறார்கள்" என்று சொல்ல வசதியாகிவிடும். படிப்புக்கோ வேலைக்கோ உடனே வேண்டும், காத்திருக்க முடியாது என்றால், எதிர்ப்புத் தெரிவித்துத்தான் பணம் கட்டுகிறேன் என்று மெயில் போட்டுவிட்டு சர்வீஸ் சென்டரிலேயே மாற்றுங்கள், பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பாகம் பாகமாக விலை போட்ட பில் கேளுங்கள். ஹிஞ்சும் பின் கவரும் போதும் என்ற இடத்தில் முழு டிஸ்ப்ளே செட்டுக்கும் எஸ்டிமேட் போடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நடுவில் கம்பெனி "பாதி செலவை நாங்கள் ஏற்கிறோம்" என்று வரலாம். என் கருத்து, வெளிப்பக்கம் அடித் தடம் எதுவும் இல்லாத மெஷினுக்கு அதை ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்களுக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்தால், ஒரு சின்ன நசுங்கலாவது இருந்தால், அது நல்ல பேரம். எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மாற்றிய பாகத்துக்கு எத்தனை நாள் வாரண்டி, மற்ற பாகங்களின் மீதி வாரண்டி தொடருமா என்பதை எழுத்தில் வாங்காமல் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்து போடாதீர்கள்.

உங்கள் ஜாப் ஷீட்டில் காரணம் என்று என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை இங்கே போடுங்கள், பெயரையும் சீரியல் நம்பரையும் மறைத்துவிட்டு. அதைப் பார்த்தால் முதல் மெயிலை எப்படி எழுதலாம் என்று சொல்கிறேன்.