விவால்டி: பாதிரியாரா, ஓபராக்காரரா?

வயலின் வகுப்பில் இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டி பற்றி மகள் ஐந்து நிமிடம் பேச வேண்டும். ஓர் இடத்தில் பாதிரியார் என்கிறார்கள், இன்னோர் இடத்தில் ஓபரா (பாடியே நடிக்கும் இசை நாடகம்) நடத்தியவர் என்கிறார்கள், எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிதான்.

1678இல் வெனிஸில் பிறந்தார், அப்பாவும் வயலின்காரர். 1703இல் குருப்பட்டம். தலைமுடி செம்பட்டை என்பதால் ‘செந்தலைப் பாதிரி’ என்றே ஊரில் பெயர். நெஞ்சு இறுக்கம் என்று சொல்லிச் சீக்கிரமே பூசை வைப்பதை நிறுத்திவிட்டார். ஓபராவுக்காக ஊர் ஊராக அலைவதற்கு மட்டும் அந்த நெஞ்சு இடம் கொடுத்தது!

ஆனால் மகள் நேரம் செலவிட வேண்டியது வெனிஸின் பியெத்தா இல்லத்தின் மேல். கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த இடம் அது. அங்கிருந்த பெண்களுக்கு வயலின் கற்றுக்கொடுத்தார். அவருடைய கான்செர்ட்டோக்களில் (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படிகள்) பல அவர்கள் வாசிப்பதற்கென்றே எழுதியவை. கேட்க வந்தவர்களுக்கு வாசிப்பவர் முகம் தெரியாது. மேல்மாடத்துக் கம்பி வலைக்குப் பின்னாலிருந்து இசை மட்டும் இறங்கி வரும். இந்தக் காட்சியிலேயே பேச்சைத் தொடங்கச் சொல்லுங்கள், வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

‘நான்கு பருவங்கள்’ என்ற அவருடைய வயலின் கான்செர்ட்டோத் தொகுப்பு 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. 1741இல் வியன்னாவில் வறுமையில் இறந்தார். பிறகு அவரை ஏறக்குறைய மறந்தே போனார்கள். 1926இல் இத்தாலியில் ஒரு துறவியர் கல்லூரியிலிருந்து அவருடைய கைப்பிரதிகள் கட்டுக்கட்டாக வெளிவந்தன. இப்போது அந்நாட்டின் தூரின் நகரத் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

மகள் ஓரளவு வாசிப்பாள் என்றால், ஏ மைனர் கான்செர்ட்டோவில் (ஓபஸ், அதாவது வெளியீட்டு வரிசை, 3; எண் 6) நாலு வரி வாசித்துக் காட்டட்டும். மாணவர்கள் வழக்கமாகப் பழகும் உருப்படிதான், ஆசிரியரிடம் அதன் இசைக்குறிப்பு இருக்கும்.