செட்டிநாட்டு வீட்டுச் சன்னலும் கொசுவலைக் கதவும்: கேட்டதும் சொன்னதும்

பதில் சொல்பவர் காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளின் மராமத்து வேலைகளை மேற்பார்வை பார்ப்பவர். அவரிடம் சன்னல், வலைக்கதவு, அதற்கு ஆள் பிடிப்பது பற்றிக் கேட்டவை இவை.

தேவகோட்டையிலிருந்து: அண்ணே, எங்க ஐயா கட்டின வீடு. சன்னல் எல்லாம் தேக்கு. தெருப்பக்கத்துல நாலஞ்சு சன்னலுக்குக் கீழ்ச்சட்டம் உளுத்துப்போச்சு. பார்க்க வந்த காண்ட்ராக்டர், "மொத்தமா எடுத்துட்டு யுபிவிசி பிளாஸ்டிக் சன்னல் போட்டுரலாம், பழசை நானே அள்ளிட்டுப் போயிடறேன், அதுக்குக் காசே வேணாம்"னு சொல்றார். செய்யலாமா?

பதில்: காசு வேணாம்னு சொல்றாரே, காசே அங்கதான் இருக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைகளை ஒரு நடை பார்த்துட்டு வாங்க. உங்க வீட்டுச் சன்னல் மாதிரி எத்தனை விலைக்கு நிக்குதுன்னு தெரியும். அந்தக் காலத்துப் பர்மாத் தேக்கு மாதிரி மரம் இன்னிக்குக் கடையில கேட்டாக் கிடைக்காது.

முதல்ல எவ்வளவு கெட்டிருக்குன்னு பாருங்க. ஸ்க்ரூடிரைவர் முனையால சட்டத்தை அழுத்திக் குத்துங்க. கட்டியா நின்னா மேல்பூச்சுதான் போயிருக்கு. அரை இஞ்ச் பொசுக்குன்னு இறங்கினா அந்த இடம் அழுகல். அழுகினதை மட்டும் சாய்வா வெட்டி எடுத்துட்டு, பழைய தேக்குத் துண்டுலயே ஒட்டுப் போட்டு மர ஆணி அடிச்சு இழைச்சுட்டா, வர்ணம் பூசின பிறகு ஒட்டு இருந்த இடமே தெரியாது. இது ஆசாரி வேலை. யுபிவிசி விக்கிறவர்கிட்ட கேட்டா யுபிவிசிதான் போடச் சொல்வார், அவரைக் குறை சொல்ல முடியாது.

ஏன் கீழ்ச்சட்டம் மட்டும் உளுக்குதுன்னும் பாருங்க. சன்னலுக்கு அடியில சாந்து உள்பக்கமா சரிஞ்சு தண்ணி தேங்குதா, மேல ஓடு உடைஞ்சு சொட்டுதா? அதைச் சரிபண்ணாம எது போட்டாலும் வீண். கழட்டித்தான் ஆகணும்னா, "கழட்டின மரம், கம்பி, கீல், பித்தளைக் கொண்டி எல்லாம் வீட்டுக்காரருக்கே"ன்னு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து வாங்குங்க. பங்காளிகளுக்குப் பாத்தியப்பட்ட வீடா இருந்தா அவங்ககிட்டயும் முன்னாலயே ஒரு வார்த்தை. வேலை முடிஞ்ச பிறகு பேச்சு வளர்ந்தா ஆசாரி கூலியை விட அது செலவு.

பள்ளத்தூரிலிருந்து: தம்பி, கொசுவலைக்கு ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். சதுர அடி ரேட்டுல பாதிக்குப் பாதி வித்தியாசம். குறைச்சுச் சொல்றவரை வச்சுக்கலாமா?

பதில்: ஆச்சி, ரேட்டை விட்டுட்டுக் கணக்கைக் கேளுங்க. ஒன்றரைக்கு ரெண்டடி வென்டிலேட்டர் மூணு சதுர அடிதான். ஆனா சின்னச் சன்னல் எதுவானாலும் ஆறு அடின்னோ பத்து அடின்னோ கணக்கு வைக்கிறவங்க உண்டு. நம்ம வீடுகள்ல சின்னது நிறைய, அதனால குறைஞ்ச ரேட்டே கடைசியில கூடின பில்லா வரும். என்ன வலை, அலுமினியச் சட்டம் எத்தனை மில்லிமீட்டர் கனம்னு ரெண்டு பேர்கிட்டயும் எழுதி வாங்குங்க. சாண் அளவு சாம்பிள் துண்டையும் வாங்கி வச்சுக்குங்க.

அளவு எடுக்க வர்றவர் ஒரு சன்னலை அளந்துட்டு மத்ததெல்லாம் இதே மாதிரின்னு கிளம்பினா அவர் வேண்டாம். பழைய நிலை எதுவும் மட்டத்துல இருக்காது. மேல, நடுவுல, கீழ மூணு இடத்துலயும் அகலம் பார்த்து, இருக்கிறதுல குறைஞ்சதை எடுக்கணும். மூலைக்கு மூலையும் டேப் பிடிக்கணும்.

கோட்டையூரிலிருந்து: கதவு உள்பக்கம் திறக்குது, நடுவுல இரும்புக் கம்பி. வலையை எங்க மாட்டுறது?

பதில்: கதவு திறக்கிறதுக்கு எதிர்ப்பக்கம், கம்பிக்கு வெளியில. மாடிச் சன்னலா இருந்தா துடைக்கக் கழட்ட ஏணி வேணும். அங்க கம்பிக்கும் கதவுக்கும் நடுவுல இடம் இருக்கான்னு பாருங்க. இருந்தா மெல்லிய சட்டத்துல வலை கட்டி, திருகுக் கட்டை வச்சு உள்ளிருந்தே கழட்டுற மாதிரி செய்யலாம். எங்க மாட்டினாலும் ஆணி மர நிலையில இறங்கட்டும். சுண்ணாம்புச் சுவர்ல ஹேமர் ட்ரில் மெஷின் வச்சுத் துளை போட விடாதீங்க, பளபளன்னு இருக்கிற பூச்சு பாளம் பாளமா விடும்.

கானாடுகாத்தானிலிருந்து: வளவு (நடு முற்றம்) வாசல்ல மடிப்பு வலைக்கதவு போடலாம்னு இருக்கோம். கீழ ட்ராக் வருமாம். தரை ஆத்தங்குடிக் கல்.

பதில்: கல்லுல ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். ஆத்தங்குடிக் கல் சுடாத சிமெண்டுக் கல், கையால வார்க்கிறது. ஒண்ணு விண்டா அதே சாயத்துல இன்னொண்ணு அமையுறது கஷ்டம். ட்ராக்கை ரெண்டுபக்க டேப்ல ஒட்டச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு, வளவு மேல வானம் பார்த்துக் கிடக்கு. வாசல்ல வலை போட்டு என்ன பிரயோஜனம்? படுக்கிற அறைகளுக்குப் போடுங்க. டெங்கு கொசு பகல்ல கடிக்கிறது, அதனால சாயங்காலம் மட்டும் சாத்தினாப் போதாது.

குன்றக்குடிப் பக்கமிருந்து: எலி கடிச்சுடுது, குரங்கும் வருது. எந்த வலை?

பதில்: எலிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 304 ரகம்னு கேட்டு வாங்குங்க. ஃபைபர் வலை பல்லுக்கு நிக்காது. குரங்குக்கு வலையே கிடையாது, கம்பிதான்.

புதுவயலிலிருந்து: மழைக்குக் கதவு இறுகிப்போச்சு. இழைக்கச் சொல்லட்டுமா?

பதில்: இப்ப வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்துல மரம் ஊதும். இப்ப இழைப்புளி போட்டா சித்திரையில விரல் நுழையிற சந்து விழும். கீல் ஸ்க்ரூ தளர்ந்து கதவு தொங்குதான்னு மட்டும் பாருங்க, பாதி வீட்டுல அதுதான் காரணம். பழைய துளையில தேக்குக் குச்சியைப் பசை தடவி இறக்கி, காய்ஞ்ச பிறகு மறுபடி முடுக்கினா சரியாயிடும்.

சிங்கப்பூரிலிருந்து: அண்ணே, தை மாசம் வீட்டுல கல்யாணம். நான் இங்க, வேலை அங்க. பணத்தை எப்படிக் கொடுக்கிறது?

பதில்: சாமான் வாங்குற அளவுக்கு மட்டும் முன்பணம், அதுவும் கடை பில்லைக் காட்டின பிறகு. அப்புறம் அறை அறையா முடிக்க முடிக்கக் கொடுங்க. சன்னல்ல அளவு டேப் பிடிச்சு எடுத்த படம் அனுப்பச் சொல்லுங்க, வெறும் படத்துல எல்லாச் சன்னலும் அழகாத்தான் இருக்கும். பத்துல ஒரு பங்கை நிறுத்தி வைங்க, ஒரு மழை பார்த்துட்டுக் கொடுக்கலாம். இதை வேலை தொடங்கும்போதே சொல்லிடணும், கடைசியில சொன்னா அது சண்டை.

பழைய வர்ணத்தைச் சுரண்டப் போறாங்கன்னா உலர்வா மெஷின் போட விடாதீங்க. அந்தக் காலத்து வர்ணத்துல ஈயம் இருக்கலாம். தண்ணி தெளிச்சுச் சுரண்டணும், வீட்டுல சின்னப்பிள்ளைகள் இருந்தா அந்தப் பக்கமே விடக்கூடாது. ஆள் தேடும்போது, புதுசா முடிச்ச வேலையைக் காட்டினா ஒத்துக்காதீங்க. ரெண்டு மழை பார்த்த வீட்டைக் காட்டச் சொல்லி, ஊர்ல இருக்கிற சித்தப்பாவையோ மச்சானையோ நேர்ல அனுப்புங்க. போறவர் சன்னலை ஒரு தடவை திறந்து மூடிட்டு வரட்டும்.