‘ஷின்’: இதயமா, அறிவா?

வணக்கம். சீனக் கட்டுரை ஒன்றை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்குகிறீர்கள். ‘ஷின்’ என்ற ஒரே சொல் ஓரிடத்தில் இதயம் என்றும் இன்னோரிடத்தில் அறிவு என்றும் வருகிறது, எது பிழை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் பிழையில்லை. சிக்கல் ஐரோப்பியப் பக்கம்தான். யோசிக்கத் தலை, உருக நெஞ்சு என்று அங்கே பாகம் பிரித்துவிட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவஞானி டெகார்த் மனத்தை உடலிலிருந்தே தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்!

சீனத்தில் இந்தப் பாகப்பிரிவினை நடக்கவில்லை. சிந்திப்பதே ஷின்னின் வேலை என்கிறார் மென்சியஸ், கி.மு. 4ஆம் நூற்றாண்டுச் சீனத் தத்துவஞானி. எழுத்தையே பாருங்கள்: ‘மறத்தல்’ என்பதற்கான எழுத்தில் மேலே ‘தொலைதல்’, கீழே ‘ஷின்’. இன்றைக்கும் இதய நோய், உளவியல் இரண்டுக்குமான சொற்கள் ஷின்னில்தான் தொடங்குகின்றன.

சரி, தமிழில் என்ன போடுவது? நானாக இருந்தால் ‘நெஞ்சு’ என்று போடுவேன். நமக்கு நெஞ்சு வலிக்கவும் செய்கிறது, ‘நெஞ்சறிய’ என்கிறபோது அறியவும் செய்கிறது. ‘இதயம் சிந்தித்தது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், படிப்பவர் அதைக் கவிதை என்று நினைத்துக்கொள்வார். அப்புறம், மருத்துவம் பேசும் வரி வந்தால் தயங்காமல் இதயமே.