காருக்குத் தனி மீட்டர் கட்டாயமா?

கேள்வி: பெங்களூரு ஹொரமாவில் 24 வீடுகள் உள்ள அடுக்குமாடியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். போன மாதம் எலெக்ட்ரிக் கார் வாங்கினேன். 30 யூனிட் பேட்டரி. ஆபீஸ் போய்வர தினமும் 35 கிலோமீட்டர். இதுவரை வெளியில்தான் காசு கொடுத்து சார்ஜ் போடுகிறேன். பார்க்கிங்கில் பாயின்ட் போட பெஸ்காமில் (பெங்களூரு மின் விநியோக நிறுவனம்) தனி ஈவி மீட்டர் கட்டாயம், மொத்தம் 48,000 ரூபாய் ஆகும் என்று ஒரு ஏஜென்ட் சொல்லி, 5,000 அட்வான்ஸும் வாங்கிவிட்டார். வீட்டு மீட்டரில் போட்டால் ஸ்லாப் ஏறி பில் எகிறும் என்கிறார். அசோசியேஷன் செயலாளரோ, தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) தர மறுக்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: தனி மீட்டர் கட்டாயம் இல்லை. மீதி 43,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

வீட்டிலோ ஆபீசிலோ ஏற்கெனவே இருக்கும் மின் இணைப்பிலேயே சொந்தக் காரை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. தனி மீட்டர் வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இந்த 'லாம்' எப்போது 'வேண்டும்' ஆகிறதோ, அங்கே யாரோ ஒருவருக்குக் கமிஷன் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து அந்த ஸ்லாப் கதை. நம் ஆட்கள் இதில் எளிதாக விழுந்துவிடுகிறார்கள், ஏனென்றால் ஊரில் அப்படித்தான். சேலத்திலோ திருச்சியிலோ இருக்கும் உங்கள் அண்ணன் வீட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் பில் எப்படித் தாவும் என்று பார்த்திருப்பீர்கள். கர்நாடகத்தில் 2024 ஏப்ரலிலிருந்து வீட்டு இணைப்புக்கு அந்த ஏணி கிடையாது. முதல் யூனிட்டுக்கும் முந்நூறாவது யூனிட்டுக்கும் ஒரே விலை, 6 ரூபாயை ஒட்டி. அதன்மேல் வரி உண்டு. கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணமும் உண்டு, ஆனால் அதைக் கார் இல்லாமலே இப்போதும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் அளவுக் கார் நம் டிராஃபிக்கில் ஒரு யூனிட்டுக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் ஓடும். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் வீணாகும். ஆக 35 கிலோமீட்டருக்கு மீட்டரில் சுமார் 6 யூனிட். மாதம் 25 நாள் என்றால் 150 யூனிட். ஈவிக்கான கட்டணப் பிரிவு எல்டி-6 (சி). அதில் யூனிட் விலை ஒரு ரூபாயோ ஒன்றரை ரூபாயோ குறைவு; ஏப்ரல்தோறும் கட்டணப் பட்டியல் மாறலாம், ஆகவே அந்த வரியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றரை ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 225 ரூபாய் மிச்சம். 48,000 செலவை எடுக்க 17 வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவும் புது மீட்டரின் நிலைக்கட்டணத்தைக் கழிக்காமல் சொல்கிறேன். கழித்தால் அந்த 225-இல் பெரும்பகுதி காணாமல் போய்விடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஆனால் ஒரு வீட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகும். அதை விளக்காமல் விட்டால் நாளைக்கு நீங்கள் என்னைத்தான் திட்டுவீர்கள். உங்கள் வீட்டுக்கு கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் ஜீரோ பில் வருகிறதா?

2023-இல் வந்த இந்தத் திட்டத்தில் 200 யூனிட் வரை இலவசம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. 2022-23-இல் உங்கள் வீடு மாதச் சராசரியாக எவ்வளவு எரித்ததோ, அதன்மேல் 10 சதவீதம் கூட்டிய அளவுதான் உங்கள் இலவசம். அதைத் தாண்டி 200-க்குள் இருந்தால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் காசு. 200-ஐத் தாண்டிவிட்டாலோ அந்த மாதம் இலவசமே கிடையாது, முதல் யூனிட்டிலிருந்து முழு பில்லும் உங்கள் தலையில்.

இதில் காரை நுழைத்துப் பாருங்கள். வீடு 120 யூனிட் எரிக்கிறது, இப்போது பில் பூஜ்யம். கார் 150 சேர்ந்தால் 270. யூனிட் விலை, மூன்று கிலோவாட் நிலைக்கட்டணம், வரி எல்லாம் சேர்ந்து 2,000 ரூபாயைத் தாண்டும். அதே கார் தனி மீட்டரில் இருந்தால் வீட்டு பில் பூஜ்யமாகவே நிற்கும், கார் பில் ஆயிரத்தைச் சுற்றி வரும். அப்படியானால் மாதம் ஆயிரம் ரூபாய் வித்தியாசம். இந்த ஒரு வீட்டுக்குத் தனி மீட்டர் நியாயமான செலவு. (ஏஜென்ட் கேட்கும் விலைக்கு அல்ல!) வீடு 50 யூனிட்டும் கார் 120 யூனிட்டும் என்றால் கூட்டினாலும் 200-க்குள்தான், மீட்டர் வேண்டாம். ஏசி, இன்டக்ஷன் அடுப்பு என்று வீடே மாதம் 220 எரிக்கிறது என்றால் இலவசம் ஏற்கெனவே போய்விட்டது, மீட்டர் வேண்டாம். நடுவில் மாட்டிக்கொள்பவர்கள், அதாவது இன்று ஜீரோ பில், கார் வந்தால் 200-க்கு மேல் என்பவர்கள், அவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். 210, 220 என்று விளிம்பில் நிற்கிறீர்களா? ஆபீசில் பாயின்ட் இருந்தால் வாரம் ஒருநாள் அங்கே போட்டுக்கொண்டாலே போதும். கடைசி மூன்று மாத பில்லை எடுத்து வைத்துக்கொண்டு இன்று ராத்திரியே இதை முடிவு செய்துவிடலாம்.

தனி மீட்டர்தான் என்று முடிவானால் முதலில் கட்டடத்துக்கு ஓசி (குடியேறலாம் என்று தரும் ஆக்குபன்சி சர்ட்டிபிகேட்) இருக்கிறதா என்று விசாரியுங்கள். 2024 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, ஓசி இல்லாத அடுக்குமாடிகளுக்குப் புது இணைப்பு கேட்டால் ஃபைல் நகராது. பெங்களூருவில் ஓசி வாங்கிய கட்டடம் எத்தனை என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கூத்தைப் பாருங்கள்: மின்நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் திருத்தம் செய்து, கார் சார்ஜுக்குத் தனி இணைப்பு கேட்கலாம், பெருநகரத்தில் மூன்று நாளில் இணைப்பு தர வேண்டும் என்று டெல்லியில் எழுதிவைத்திருக்கிறார்கள். மூன்று நாள்! இங்கே ஃபைலில் ஒரு கையெழுத்து சரியில்லை என்று சொல்லவே மூன்று நாள் ஆகிறது. ஏஜென்ட்டுகள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். அவர் செய்வதெல்லாம் நீங்களே பெஸ்காம் இணையதளத்தில் போடக்கூடிய விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைப்பது. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் வேறு. வயரிங் ரிப்போர்ட்டில் அவர் கையெழுத்து வேண்டும், அவருக்கு உரிய கூலி நியாயம். உங்கள் ஆளிடம் லைசென்ஸ் நம்பரைக் கேளுங்கள். பேச்சை மாற்றினால் அவர் யாரென்று தெரிந்துவிடும்.

சரி, மிச்சமாகும் பணத்தை எங்கே போடுவது? கேபிளிலும் எர்த்திங்கிலும். பத்து லட்சத்துக்குக் கார் வாங்கிவிட்டு ஒயரில் ஆயிரம் ரூபாய்க்குப் பேரம் பேசுகிற வீடுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

சுவரில் மாட்டும் பெரிய வால்பாக்ஸ் சார்ஜர் உங்களுக்குத் தேவையில்லை. 7 கிலோவாட் சார்ஜருக்கு சாங்ஷன் லோடு (உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின்சுமை) ஏற்ற வேண்டும், நிலைக்கட்டணமும் கூடவே ஏறும். காரோடு வந்த போர்ட்டபிள் சார்ஜர் மணிக்கு 3 யூனிட் ஏற்றும். தினமும் 6 யூனிட்டுக்கு இரண்டு மணி நேரம் போதும். ராத்திரி பதினோரு மணிக்குச் செருகினால் நீங்கள் முதல் தூக்கம் தூங்கி எழுவதற்குள் முடிந்துவிடும். சாங்ஷன் லோடு 3 கிலோவாட்தான் என்றால் கீசரும் காரும் ஒரே நேரத்தில் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் ரூமில் உங்கள் வீட்டு மீட்டருக்குப் பிறகு ஒரு தனி லைன் எடுத்து, அதை நேராகப் பார்க்கிங்குக்குக் கொண்டுவர வேண்டும். காமன் ஏரியா லைட்டிலிருந்து இழுக்கக் கூடாது. ஜெனரேட்டர் லைனிலும் சேர்க்க வேண்டாம், கரன்ட் போன நேரத்தில் டீசலில் காரை சார்ஜ் செய்வதற்கு டீசல் காரே வாங்கியிருக்கலாம். கேபிள் 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர், ஐம்பது மீட்டரைத் தாண்டினால் 6 ஸ்கொயர். எலெக்ட்ரீஷியன் 2.5 போதும் என்பார், கீசருக்கு அதுதானே போடுகிறோம் என்பார். கீசர் பதினைந்து நிமிஷம் ஓடும், உங்கள் கார் மணிக்கணக்கில் இழுக்கும். ஐம்பது மீட்டர் 2.5 ஸ்கொயர் ஒயரில் கார் சார்ஜ் ஆகும்போது, நூறு வாட் குண்டு பல்பு ஒன்றரை எரிகிற சூடு அந்தக் குழாய்க்குள்ளேயே வீணாகிறது. அலுமினியக் கேபிள் என்றால் பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

லைன் தொடங்கும் இடத்தில் 20 ஆம்பியர் எம்சிபி (சுமை மீறினால் துண்டிப்பது), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிப்பது). இரண்டும் ஒன்றாக வரும் ஆர்சிபிஓ கிடைத்தால் இன்னும் நல்லது. சாக்கெட் நல்ல கம்பெனியின் 16 ஆம்பியர், தண்ணீர் புகாத பெட்டிக்குள், இடுப்பு உயரத்துக்கு மேல். ஹொரமாவுப் பக்கம் ஒரு மழைக்கே பேஸ்மென்ட் என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். முதல் நாள் அரை மணி நேரம் சார்ஜ் ஆனபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாவிட்டால் உடனே நிறுத்துங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒருநாளும் வேண்டாம்.

இனி சொல்லப்போவதை வீட்டில் இன்னொருவரையும் படிக்கச் சொல்லுங்கள். இந்த சார்ஜர்கள் எர்த் சரியில்லை என்றால் சிவப்பு லைட்டைக் காட்டி வேலை செய்ய மறுக்கும். பெங்களூருவின் பழைய கட்டடங்களில் பாதி இடத்தில் அதுதான் நடக்கும். அப்போது எலெக்ட்ரீஷியன், 'சார், ரெண்டு நிமிஷம்' என்று சாக்கெட்டைக் கழற்றி, நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார். பச்சை லைட் எரியும். நீங்களும் சந்தோஷமாக டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவீர்கள். அவர் செய்தது என்னவென்றால், சார்ஜருக்கு எர்த் இருப்பதாகப் பொய் சொல்லவைத்தது. என்றைக்காவது மீட்டர் ரூமில் நியூட்ரல் ஒயர் ஒன்று கழன்றால், உங்கள் காரின் முழு பாடியிலும் 230 வோல்ட் நிற்கும். அந்த நேரம் பார்த்து ஈரக் காலோடு குழந்தை கதவைத் தொடலாம். எனக்கே இது நடந்திருக்கிறது: மைத்துனர் வீட்டில் நானே கான்ட்ராக்டர் ஒருவரை ஏற்பாடு செய்து கொடுத்தேன், ஒரு வாரம் கழித்து சும்மா சாக்கெட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே அந்தத் துண்டு ஒயர். கேட்டதற்கு, 'எல்லா இடத்திலும் இப்படித்தான் சார்' என்றார். அதுதான் என் பயமே.

எர்த் சரியில்லை என்றால் பார்க்கிங் பக்கத்திலேயே தனியாக ஒரு எர்த் பிட் (எர்த் கம்பியை மண்ணில் புதைக்கும் குழி) அடிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவுதான் இந்த முழு வேலையிலும் முக்கியமான செலவு. வேலை முடிந்ததும் உங்கள் முன்னால் மல்டிமீட்டர் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓரிரண்டு வோல்ட் காட்டினால் நல்லது, பத்து பன்னிரண்டு காட்டினால் வேலை முடியவில்லை. சரியாகப் பூஜ்யமே காட்டினால் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள், துண்டு ஒயர் உள்ளே இருக்கலாம்.

செயலாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் பயத்தில் பாதி நியாயம். மீதிப் பாதிக்கு, கீழே எத்தனை ஸ்கூட்டர்கள் காமன் லைட் பாயின்ட்டில் எக்ஸ்டென்ஷன் போட்டு சார்ஜ் ஆகின்றன என்று அவரையே ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். தீ அங்கிருந்துதான் வரும். பிறகு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: லைன் என் மீட்டரிலிருந்து, செலவு என்னுடையது, எம்சிபி, ஆர்சிசிபி விவரம் இது, லைசென்ஸ் கான்ட்ராக்டரின் டெஸ்ட் ரிப்போர்ட் இணைத்திருக்கிறேன் என்று. கடிதத்தைப் பெற்றதாகக் கையெழுத்து வாங்குங்கள். 24 வீட்டில் அடுத்த கார் வாங்கப் போகிறவர் ஒருவராவது இருப்பார், அவரையும் கையெழுத்துப் போடவைத்து ஏஜிஎம்மில் (ஆண்டுப் பொதுக்கூட்டத்தில்) சேர்த்துப் பேசுங்கள். அப்படியும் அசையாவிட்டால் மட்டும் மின்துறை அமைச்சக வழிகாட்டுதலையும் 2024 விதித் திருத்தத்தையும் அச்செடுத்துக் கொடுங்கள். முதல் நாளே சட்டம் பேசினால் உங்கள் பார்க்கிங் கோடு அரை அடி உள்ளே வந்துவிட்டது என்று பதில் நோட்டீஸ் வரும்.

அட்வான்ஸ் 5,000-க்கு ரசீது இருக்கிறதா? பெஸ்காமில் ஏதாவது கட்டியிருந்தால் விண்ணப்ப எண்ணும் பணம் கட்டிய ரசீதும் காட்டச் சொல்லி வாட்ஸப்பில் எழுதிக் கேளுங்கள். போனில் பேசாதீர்கள். எண் கொடுத்தால் அதை பெஸ்காம் உதவி எண் 1912-இல் சொல்லி உண்மையா என்று சரிபாருங்கள். எண் இல்லையென்றால் எதுவும் கட்டவில்லை, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். உங்கள் ஆதார் நகலும் வீட்டுப் பத்திர நகலும் கொடுத்திருப்பீர்களே, அவற்றையும் மறக்காமல் திரும்ப வாங்குங்கள்.