அடைப்பை எடுங்கள், தள்ளாதீர்கள்: மலைவீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் பற்றிக் கேள்வி பதில்

குன்னூரில் 27 ஆண்டுகளாகக் குழாய் வேலை செய்கிறேன். கழிவுநீர் அடைப்பை எந்த முறையில் எடுப்பது என்று நீலகிரியின் பல ஊர்களிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பதிலுக்குப் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘அடைப்பு எடுக்க வேண்டும்’ என்று சொல்லித்தான் ஆளை அழைக்கிறோம். வருகிறவர் பெரும்பாலும் செய்வது தள்ளுவது. நம் மலையில் ஒரு வீட்டின் குழாய் அடுத்த வீட்டின் தடுப்புச் சுவரை ஒட்டிப் படிபடியாக இறங்குகிறது. மேலே தள்ளியது கீழ்வீட்டு வளைவில் போய் நிற்கும், இல்லாவிட்டால் ஓடையில் விழும். எந்த முறையைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது, அது அடைப்பை வெளியே கொண்டுவருமா என்பதைத்தான்.

உதகை காந்தலிலிருந்து ஒரு வாசகி: ஐயா, குளியலறை, கழிப்பறை, சமையலறை மூன்றிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் நிற்கிறது. கடையில் ஆசிட் வாங்கி ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள் அம்மா. ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் நின்றால் அந்த இடத்து டிராப்பில், அதாவது நாற்றம் வராமல் தண்ணீர் தங்கும் வளைவில் கோளாறு. மூன்றிலும் நின்றால் மூன்றும் சேர்ந்து போகும் பெரிய குழாயில் அடைப்பு. தேங்கிய தண்ணீரைத் தாண்டி ஆசிட் அங்கே போய்ச் சேராது. பிறகு வேலைக்கு வருகிறவர் அந்தத் தண்ணீரில்தான் கை வைப்பார்.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்குச் செலவே இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சேம்பரிலிருந்து (குழாய் வழியில் மூடி போட்டுக் கட்டிய சிறு தொட்டி) தொடங்கி, கீழ்நோக்கி ஒவ்வொரு மூடியாகத் திறந்து பாருங்கள். திறந்தவுடன் குனியாதீர்கள், சிறிது நேரம் காற்றாட விடுங்கள். தீக்குச்சி, பீடி எதுவும் பக்கத்தில் வேண்டாம். ஒரு சேம்பர் நிறைந்து, அதற்கு அடுத்தது காய்ந்திருந்தால் அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எல்லாமே நிறைந்திருந்தால் தெருவில் ஓடும் பாதாள சாக்கடையில் அடைப்பு. அதை நகராட்சியிடம் சொல்ல வேண்டும், நீங்கள் கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டியதில்லை.

இடம் தெரிந்ததும், காய்ந்திருக்கும் கீழ்ச் சேம்பரிலிருந்து மேல்நோக்கி ஸ்பிரிங் (குழாய்க்குள் சுற்றி விடும் நீண்ட சுருள் கம்பி) விடச் சொல்லுங்கள். விடும் முன், அந்தச் சேம்பரின் வெளிவாயில் ஒரு கம்பி வலையை மடித்து வைக்க வேண்டும். அடைப்பு உடையும்போது தண்ணீர் பாய்ந்து போய்விடும், துணியும் குப்பையும் வலையில் தங்கும். வேலை செய்பவர் குழாய்க்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்கட்டும். என்ன கிடைத்தது என்று எனக்குச் சொல்லுங்கள்.

கோத்தகிரியிலிருந்து: எங்கள் பக்கத்தில் மூங்கில் பத்தை விட்டே எடுத்துவிடுகிறார்கள். ஸ்பிரிங் இயந்திரத்துக்கு ஏன் அவ்வளவு கொடுக்க வேண்டும்?

இரண்டு சேம்பர்களுக்கு நடுவே குழாய் நேராக இருந்து, அடைப்பு இளகியதாக இருந்தால் மூங்கில் பத்தை போதும். நானும் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். வளைவு வரும் இடத்தில்தான் அது ஆபத்து. ஒரு வீட்டில் மூன்று மாதத்தில் நான்கு முறை அடைத்தது. வளைவை அறுத்துப் பார்த்தேன். ஒரு முழ நீளத்துக்கு முறிந்த மூங்கில் துண்டு குறுக்கே நின்றது. அதைச் சுற்றித் தலைமுடி கயிறு போலத் திரித்துக்கொண்டு, அதன்மேல் ஒரு பழைய கால்மிதித் துணியின் நூல்களும் பாத்திரம் தேய்க்கும் நாரும் சேர்ந்து, ஒரு குருவிக் கூட்டின் அளவுக்கு இருந்தது. முதல் அடைப்பு என்றோ போய்விட்டது. அதன்பிறகு அடைத்ததெல்லாம் அதை எடுக்க விட்ட மூங்கில்தான்.

ஸ்பிரிங் வளைவில் வளைந்து போகும். அதன் பெரிய பயன் வேறு ஒன்று: உள்ளே என்ன இருக்கிறது என்பதை அது நமக்குச் சொல்லும். முட்டிக்கொண்டு நின்றால் பலம் கொடுத்துக் குத்தக் கூடாது. கடிகார முள் போகும் திசையிலேயே சுற்றிச் சுற்றி, மெதுவாக இழுத்து, முனையைப் பார்க்க வேண்டும். துணி நூல் இருந்தால் கொக்கி முனை மாட்டி இழுக்கலாம். கறுத்த, வழவழப்பான பசை இருந்தால் அது எண்ணெய்க் கொழுப்பு, ஜெட்டிங் (உயர் அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சுவது) வேண்டும். பழுப்பு நிறத்தில் முடி போன்ற நார், கிள்ளினால் ஒடிகிறது என்றால் வேர்; வெட்டும் முனை வேண்டும். செம்மண் ஒட்டியிருந்தால் குழாய் எங்கோ உடைந்திருக்கிறது. அப்போது எந்த முறையும் தீர்வாகாது, தோண்டித்தான் ஆக வேண்டும். முனையை உங்களிடம் காட்டாமல் ‘சரியாகிவிட்டது’ என்று கிளம்புகிறவருக்கு உடனே பணம் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.

அருவங்காட்டிலிருந்து: காஸ்டிக் சோடா எப்படி?

தண்ணீர் பட்டதும் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும், பி.வி.சி. குழாய் இளகி நெளியும். அலுமினியத்தில் பட்டால் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். கொழுப்போடு சேர்ந்து சில நேரம் சோப்புக்கட்டி போல இறுகியும் விடுகிறது. அதைவிட முக்கியம்: ஒரு நாள் ஆசிட், மறுநாள் பிளீச்சிங் பவுடர் என்று மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் சாத்திய குளிர்காலக் குளியலறையில் அது உயிரை எடுத்துவிடும். வேண்டவே வேண்டாம்.

லவ்டேலிலிருந்து ஒருவர்: பழைய பங்களா. குழாயெல்லாம் பளபளப்புப் பூச்சுள்ள அந்தக் காலத்துச் சுட்ட மண் குழாய். பக்கத்தில் சில்வர் ஓக், சைப்ரஸ், இரண்டு பெரிய கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்). ஆண்டுக்கு இரண்டு முறை வேர் அடைக்கிறது. ஜெட்டிங் செய்யலாமா, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடலாமா?

உங்கள் கேள்விதான் இந்த மலைக்கே உரிய கேள்வி. கற்பூர மரம் நீலகிரிக்கு வந்தது 1840-களில். அப்போதிருந்து அது ஈரத்தைத் தேடி வேர் விட்டுக்கொண்டிருக்கிறது. சுட்ட மண் குழாய் இரண்டடி, மூன்றடித் துண்டுகளாக இருக்கும். இணைப்புகளில் சிமெண்ட் பூசியிருப்பார்கள். மலைச்சரிவில் மண் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது, பூச்சு விரிகிறது, தலைமுடி நுழையும் இடைவெளி கிடைத்தால் வேருக்குப் போதும். உள்ளே போனபிறகு தண்ணீர், உரம் இரண்டுமே அங்கே இருக்கின்றன.

வெட்டும் முனை பொருத்திய மின் ஸ்பிரிங்கால் வேரை அறுத்து எடுக்கலாம். ஆனால் சிறிய முனையிலிருந்து தொடங்க வேண்டும். முதலிலேயே குழாயின் முழு அகல முனையை மாட்டினால் பழைய குழாய் சில்லு சில்லாகத் தெறிக்கும். அறுத்த வேர் மீண்டும் வளரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

விரிந்த மண் குழாயில் உயர் அழுத்த ஜெட்டிங்கை நான் செய்ய மாட்டேன். காரணம் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு பங்களாவில், எனக்கு முன்பு வந்த ஒருவர் ஜெட் அடித்திருந்தார். அடைப்பு போய்விட்டது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரண்டு வாரம் கழித்து என்னை அழைத்தார்கள். கீழே இருந்த தடுப்புச் சுவரில் மழைநீர் வடிய விட்ட துளைகளில், மழையே இல்லாத நாளில், நுரையோடு சாம்பல் நிறத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அழுத்தத்தில் குழாய்க்கு அடியிலிருந்த மண் அரித்துப்போய், கழிவுநீர் முழுவதும் சரிவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சுவருக்குக் கீழே தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டு வரிசை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் குழாயை மாற்றி முடிக்கும்வரை எனக்குத் தூக்கம் இல்லை.

மயில்துத்தம் செப்டிக் டேங்கில் மலத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும். மிச்சம் ஊறி ஊற்றுத் தண்ணீரில் கலக்கும். நம் ஊர்களில் எத்தனை வீடுகள் ஊற்றை நம்பி இருக்கின்றன!

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு முறை வேரை அறுத்து எடுத்துவிட்டு, உடனே கேமரா விட்டுப் பாருங்கள். எந்தெந்த இணைப்பில் வேர் நுழைகிறது என்று அடிக்கணக்கில் தெரிந்துவிடும். அந்தப் பகுதியை மட்டும் தோண்டி, ரப்பர் வளைய இணைப்புள்ள 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயாக மாற்றுங்கள். மரத்தை வெட்ட வேண்டியதில்லை.

தலைகுந்தாவில் தங்கும் விடுதி நடத்தும் ஒரு தம்பி: டிசம்பர், ஜனவரியில் மட்டும் சமையலறைக் குழாய் அடைக்கிறது. கொதிநீர் ஊற்றுகிறோம், இரண்டு நாளில் திரும்பவும் அடைக்கிறது.

உறைபனி விழும் ஊரில் எண்ணெயும் நெய்யும் குழாய்க்குள் மெழுகாகிவிடும். நீங்கள் ஊற்றும் கொதிநீர் அதை உருக்கிப் பத்தடி தள்ளிக் கொண்டுபோய், அங்கே திரும்பவும் இறுக வைக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக எட்டாத இடத்துக்கு அடைப்பைத் தள்ளியிருக்கிறீர்கள் தம்பி.

இதற்கு ஸ்பிரிங் போதாது. கொழுப்பின் நடுவே ஒரு துளை போட்டுவிட்டு வந்துவிடும். ஜெட்டிங்தான் சரி. குழாய் பி.வி.சி., இணைப்புகள் உறுதி என்றால் தயங்க வேண்டாம். அந்த முனையை ஒரு முறை கையில் வாங்கிப் பாருங்கள்: முன்னால் ஒரு துளை, பின்னோக்கிச் சாய்ந்த பல துளைகள். பின்னால் பீய்ச்சும் தண்ணீர்தான் ஹோஸை முன்னே இழுத்துக்கொண்டு போகிறது; திரும்ப இழுக்கும்போது சுவரில் ஒட்டியதைச் சுரண்டிக்கொண்டு வருகிறது. ஆகவே கீழ்ச் சேம்பரிலிருந்து மேல்நோக்கி விட்டால் கொழுப்பெல்லாம் சரிவோடு உங்களிடமே வந்து சேரும், வாளியில் அள்ளலாம். முனை ஒரு கை நீளமாவது குழாய்க்குள் போனபிறகே அழுத்தத்தைத் திறக்க வேண்டும். வெளியே திறந்தால் சாட்டை போல அடிக்கும்.

பிறகு ஒரு கொழுப்புப் பிடிப்புத் தொட்டி கட்டிவிடுங்கள். வாரம் ஒரு முறை மேலே மிதப்பதை அள்ளிவிட்டால், அடுத்த டிசம்பரில் என்னை நினைக்க மாட்டீர்கள்.

உதகையிலிருந்து: சோடா உப்பும் வினிகரும் ஊற்றினால் போகும் என்கிறார்களே?

சிங்க்கின் நாற்றம் குறையும். அடைப்பு போகாது. சிங்க்குக்கு ரப்பர் பம்ப் போதும். பக்கத்தில் இருக்கும் நிரம்பிவழியும் துளையை ஈரத்துணியால் அடைத்துக்கொண்டு அடியுங்கள்.

கூடலூரிலிருந்து ஓர் அம்மா: ஜூன், ஜூலையில் மழை வலுத்தால் மட்டும் கழிப்பறை பொங்குகிறது. வெயில் வந்தால் தானாகச் சரியாகிவிடுகிறது. மூன்று பேர் வந்து ஸ்பிரிங் விட்டுப் பார்த்துவிட்டார்கள்.

உங்கள் குழாயில் அடைப்பே இல்லை அம்மா. மூன்று முறை கொடுத்த பணமும் வீண். கூரைத் தண்ணீரின் குழாயை யாரோ கழிவுநீர்க் குழாயோடு சேர்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள மண் மழையில் ஊறித் தண்ணீரை ஏற்க மறுக்கிறது. மழை இல்லாத நாளில் ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்துக் கூரைக் குழாயில் ஊற்றுங்கள். சேம்பரில் மஞ்சள் தெரிந்தால் முதல் காரணம். மழைநீரைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். தெரியாவிட்டால் உறிஞ்சுகுழியை மேடான, வடிகால் உள்ள இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

கேத்தியிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் செப்டிக் டேங்க் சாலையிலிருந்து நிறையப் படிகள் இறங்கி இருக்கிறது. கழிவுநீர் லாரி வந்து உறிஞ்சிப் பார்த்தது, ஏறவில்லை. ஒருவர், ‘நானே இறங்கி அள்ளிவிடுகிறேன்’ என்கிறார். ஏழை மனிதர், கூலி கிடைக்கட்டுமே என்று நினைக்கிறோம்.

அவரை இறக்காதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும்; அளவு கூடியதும் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று நினைக்கும் நொடியில் ஆள் விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தி வருவது இதனால்தான். கையால் மலம் அள்ள வைப்பதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கினால் நீங்களும் குற்றவாளி. இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. அந்த மனிதருக்கு உதவ வேண்டுமானால் மேலே நின்று ஹோஸ் பிடிக்கும் வேலையைக் கொடுங்கள்.

லாரி ஏன் தோற்றது தெரியுமா? உறிஞ்சுவது என்பது உண்மையில் காற்றின் அழுத்தம் கீழிருந்து தள்ளுவது. கடற்கரை ஊரில், கணக்குப்படி ஏறக்குறைய 10 மீட்டர் உயரம் வரை தண்ணீர் ஏறும். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உங்கள் ஊரும் அதற்கு மிகவும் தாழ்ந்ததில்லை. இங்கே காற்றழுத்தம் குறைவு. கணக்கிலேயே எட்டு மீட்டர்தான். குழம்பாக இருக்கும் கழிவு அதிலும் குறைவாகவே ஏறும். ஆகவே கயிற்றில் கட்டி மூழ்கவிடும் சேற்று பம்ப்பைத் தொட்டிக்குள் இறக்கி, கீழிருந்து மேலே லாரிக்குத் தள்ளச் சொல்லுங்கள். கழிவை அள்ள 14420 என்ற எண்ணில் அழைக்கலாம். அழைக்கும்போதே சாலைக்கும் தொட்டிக்கும் எத்தனை அடி இறக்கம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுத்துவிட்டால் கழிவு இறுகாது.

காந்தல் வாசகி மீண்டும்: ஐயா, நீங்கள் சொன்னபடி மூடிகளைத் திறந்தோம். இரண்டாவது நிறைந்திருந்தது, மூன்றாவது காய்ந்திருந்தது. வலை வைத்து, கீழிருந்து ஸ்பிரிங் விட்டார்கள். என் பேரனின் கம்பளிக் காலுறை ஒன்றும், ஈரத் துடைப்புத் தாள்கள் ஒரு குவியலும் வந்தன. இப்போது தண்ணீர் நன்றாகப் போகிறது.

மிகவும் மகிழ்ச்சி அம்மா. அந்தத் தாள்கள் தண்ணீரில் கரையாது, இனிக் கழிப்பறையில் போடாமல் குப்பைக் கூடையில் போடச் சொல்லுங்கள். மூடியைத் திரும்ப வைக்கும்போது ஓரத்தில் வழவழப்பான களிமண்ணைக் குழைத்துப் பூசி வையுங்கள். நாற்றம் வராது, அடுத்த முறை கடப்பாரை இல்லாமல் திறக்கவும் வரும். இன்னொரு காலுறையையும் தேடிப் பாருங்கள். வீட்டில் இல்லையென்றால் முதல் சேம்பருக்கும் இரண்டாவதற்கும் நடுவிலும் ஒரு முறை ஸ்பிரிங் விட்டுவிடுங்கள்.